பச்சைப் புள்ளி

பவழக்கொடி லாஜிஸ்டிக்ஸில் டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும், கேட் பாஸ் வேண்டும், தலையில் மஞ்சள் தொப்பி வேண்டும், இருட்டில் மினுங்குகிற சட்டை வேண்டும். போன ஆடி மாதத்திலிருந்து நல்ல தூக்கமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தூங்கினால் மட்டும் போதாது. அவன் தூங்குவது உண்மைதான் என்று படித்தவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பலகையால் வந்த வினை. ஒரு விடியற்காலையில் கம்பெனி டிரெய்லர் ஒன்று கம்பெனி வாசலிலேயே, 'பாதுகாப்பே முதல்' என்று எழுதி நட்டிருந்த பலகையின் மேல் ஏறி அதைப் படுக்கவைத்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டி வந்தவன் செபாஸ்டின். இரண்டு ராத்திரியும் இடையில் ஒரு பகலும் கம்பெனி யார்டு வரிசையில் வண்டியை முழம் முழமாக நகர்த்திக்கொண்டு கிடந்து, கண்டெய்னரை இறக்கிய கையோடு அடுத்த லோடுக்கு விரட்டப்பட்டவன். வளைவில் கண் சொருகிவிட்டது. உடனே விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. குளுகுளு அறையில் தூத்துக்குடி மக்ரூனை மென்றுகொண்டு மத்தியானம்வரை விசாரித்து, செபாஸ்டினுக்குத் தூக்க வியாதி இருக்கிறது என்று கண்டுபிடித்தது. ஒருவனுக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் இருக்கத்தானே செய்யும்? டிரைவர்கள் அத்தனை பேரும் பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் 'சயனா உறக்கவியல் உயர்சிகிச்சை மையம்' போய்த் தூக்கத் தகுதிச் சான்றிதழ் வாங்கிவர வேண்டும், வாங்காதவனுக்கு பாஸ் ரத்து என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். யார்டு வரிசையைப் பற்றிக் கமிட்டியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மெல்லுவதற்கே வாய் சரியாக இருந்திருக்கும்.

நோட்டீஸை டிரைவர் மாசானம் இரண்டு தடவை படித்தான். ஏரல் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து, மீசை கறுப்பாக இருந்த காலத்தில் வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தவன். வேறு வேலை தெரியாது. பாஸ் போனால் முத்தையாபுரத்து வாடகை வீடும் மகளின் நர்சிங் படிப்பும் கூடவே போய்விடும். தூக்கத்தைப் பற்றி அவன் அதுவரை யோசித்ததே கிடையாது. நேரம் கிடைத்தால் தூங்குவான். கிடைக்காவிட்டால் டீ குடிப்பான்.

சயனாவுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. ஆள் தூங்குவதைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டுமாம். வாசலிலேயே பேச்சித்தாயின் கழுத்தில் 'உறக்கச் சாட்சி' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள்.

"கொலக் கேசா நடக்கு இங்கன? சாட்சிங்காவ" என்றாள் பேச்சித்தாய்.

"சும்மா இருளா. காதுல விழுந்திரப் போவுது" என்றான் மாசானம்.

உள்ளே ஒரே வாசனைத் தைலம். பூவின் வாசனையும் இல்லை, மருந்தின் வாசனையும் இல்லை, இரண்டையும் கலந்து பழைய துணியில் பிழிந்த மாதிரி ஒரு நெடி. மாசானம் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிவிட்டு நேரே வந்திருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்த மூச்சில் தலை தொங்கியது. அதற்கடுத்த மூச்சில் குறட்டை ஆரம்பித்தது. சுவரில் மாட்டியிருந்த கேமரா அவன் பக்கம் மெதுவாகத் திரும்பியது.

யாரோ தோளை உலுக்கினார்கள். ஜெயஷீலா என்று பெயர் குத்தியிருந்த டெக்னீஷியன் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். பகல் டியூட்டிக்கு ஆள் வராததால் ராத்திரி டியூட்டி முடித்த அவளே பகலையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எந்திரிங்க. போர்டு பாக்கலையா? இங்க தூங்கக் கூடாது. இது வெயிட்டிங் ஹால். தூக்கமெல்லாம் மேல மாடியில."

சுவரில் உண்மையாகவே போர்டு இருந்தது. 'இங்கே தூங்காதீர்' என்று எழுதி, கொட்டாவி விடும் ஒருவனின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

மேல் மாடியில் வரிசையாக இரவு அறைகள். நிஜமான இரவுகளைக் கப்பல் ஏஜெண்டுகளும் ஏற்றுமதிக்காரர்களும் முன்பதிவு செய்துவிட்டார்கள். அதனால் டிரைவர்களுக்குக் காலை பதினோரு மணிக்கு இரவு. ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி, அதன்மேல் கறுப்புத் திரை. சுவர்க் கடிகாரத்தைப் பத்து மணியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மாசானத்தின் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, கொழகொழவென்று ஒரு பசையை அப்பி, அதில் ஒயர்களை ஒட்டினாள் ஜெயஷீலா. மார்பில் ஒரு பெல்ட், வயிற்றில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், காலில் இரண்டு ஒயர். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். ஏதோ வெளிநாட்டுக் கடலின் அலையோசை ஸ்பீக்கரில் வந்தது. தூத்துக்குடிக் கடல் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்குத்தான் இரட்டைக் கண்ணாடி.

"குட் நைட் அண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள். கீழே தெருவில் பதநீர் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான்.

கீழே நாற்காலியில் அடித்துப்போட்டதுபோல் வந்த தூக்கம் இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பசை காய்ந்து தலை அரித்தது. கையைத் தூக்கினால் ஸ்பீக்கரில் அலை நின்று, "பேஷண்ட், சொறியாதீர்கள்" என்று குரல் வந்தது. அவன் சொறியாமல் கிடந்தான். எதிர்ச் சுவரில் பத்து மணி பத்து மணியாகவே இருந்தது. ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் செய்வதற்கு இத்தனை சாமானை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீட்டில் எப்படித் தூங்குகிறார்களோ, தெரியவில்லை.

விடிந்தது, அதாவது மாலை ஐந்து மணி ஆனது. டாக்டர் சிவப்பிரகாஷ் முன்னால் கொண்டு உட்கார வைத்தார்கள். அமெரிக்காவில் பதினைந்து நாள் தூக்கப் பயிற்சி எடுத்தவர் அவர். அந்தப் பதினைந்து நாளையும் சட்டகம் போட்டு முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

"மிஸ்டர் மாசானம், மேல பெட்ல ஒரு நிமிஷம்கூட நீங்க தூங்கல. அது இன்சோம்னியா. கீழ ஹால்ல உக்காந்த உடனே தூங்கிட்டீங்க. அது ஹைப்பர்சோம்னியா. ஒரே ஆளுக்கு ரெண்டும் இருக்கிறது ரொம்ப ரேர். யூ ஆர் லக்கி, சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க. அப்புறம் ஹால் கேமராவுல உங்க குறட்டையைக் கேட்டேன். அது தனியா ஒரு டிபார்ட்மெண்ட்."

"சார், நைட்டு முச்சூடும் வண்டி ஓட்டிட்டு வந்தேன். அதாம் கண்ணசந்துட்டேன்."

"அப்படித்தான் எல்லா பேஷண்ட்டும் நினைக்கிறாங்க. களைப்பா இருக்கிறதாலதான் தூக்கம் வருதுன்னு."

பேச்சித்தாயால் பொறுக்க முடியவில்லை. "டாக்டரய்யா, அவுக எப்படி உறங்குதாவன்னு எங்கிட்ட கேக்கீக. உறங்குததுக்கு அவுகள எப்ப வீட்டுக்கு விட்டாவன்னு கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டீகளா?"

டாக்டர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார். "சாட்சி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்றார் அன்பாக. பிறகு மாசானத்தின் பக்கம் திரும்பினார். "கனவு வருமா?"

"வருசத்துக்கு ஒருக்க கட்டாயம் வரும் சார். தசராவுக்கு முன்னால குலசை முத்தாரம்மன் கனவுல வருவா. இந்த வருசம் என்ன வேசம் கட்டணும்னு சொல்லிட்டுப் போவா. போன வருசம் கரடி. அதுக்கு மிந்தி போலீசு."

ஒரு தடவை லாரி கவிழ்ந்து பிழைத்ததிலிருந்து மாசானம் வருஷா வருஷம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு, வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்ப்பவன். ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"காட்சியும் தெரியுது, குரலும் கேக்குது. நாலாவது நோய்" என்று ஜெயஷீலாவிடம் சொன்னார்.

அந்த வாரத்துக்குள் எல்லா டிரைவர்களுக்கும் ஏதாவது ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. செபாஸ்டின் மட்டும் மேல் மாடியில் ஒயர்களோடு படுத்தவன் அசையாமல் தூங்கி, மாலை ஐந்து மணிக்கு உதைத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அவனாவது தப்பித்தான் என்று நினைத்தார்கள். இவ்வளவு ஆழமாகத் தூங்குவது மூளைக்கு நல்லதல்ல என்று அவனுக்கும் சீட்டு எழுதிவிட்டார் டாக்டர்.

சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு பெட்டி, அதிலிருந்து வெற்றிலைக்கொடி மாதிரி நீளும் ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி. பெட்டி காற்றை ஊதும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். பெட்டிக்குள் சிம் கார்டு இருக்கிறது. தூங்கினால் சயனாவின் திரையில் அவன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி, தூங்காவிட்டால் சிவப்பு. சிவப்பு தொடர்ந்தால் பாஸ் போச்சு. இது போதாதென்று குலசைக்கோ வேளாங்கண்ணிக்கோ பயணம் போனாலும் தப்பிக்க முடியாதபடி தோளில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி வேறு.

வீட்டுக்கு வந்து முகமூடியை எடுத்தான் மாசானம். உள் ரப்பரில் ஒரு நரைத்த மீசை முடி ஒட்டியிருந்தது. அவன் மீசை முடி இல்லை. ரப்பரின் மடிப்பில் மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. முகர்ந்தான், யாரோ ஒருவரின் பழைய எச்சில் வாடை. அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சயனாவுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"கழுவினதுதான் அண்ணே" என்றாள் ஜெயஷீலா. குரல் இறங்கியது. "டிரைவர்களுக்கு மட்டும் அப்படித்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க. 'மறுவாழ்வு முகமூடி'ன்னு ஒரு திட்டம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

பேச்சித்தாய் அதைக் கொதிக்கும் வெந்நீரில் போட்டாள், வேப்பிலை போட்டாள், சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் படுத்தான். காற்று மூக்கு வழியாகப் புகுந்து வயிற்றை உப்ப வைத்தது. ஏப்பம் வந்தது. ஏப்பத்துக்கு வெளியே போக வழியில்லை, முகமூடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கழற்றி எறிந்தான். காலையில் போன்.

"அண்ணே, நேத்து சிவப்பு."

மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாள் சேஃப்டி மேனேஜர் மகாராஜனே கூப்பிட்டுவிட்டார். குளித்து விபூதி பூசிக் கமகமவென்று இருப்பவர், எந்தக் கெட்ட செய்தியையும் சிரித்தபடி சொல்வார். "மாசானம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். இப்படியே இன்னும் ரெண்டு மூணு சிவப்பு வந்தா பாஸை வாங்கி வச்சுக்க வேண்டி வரும். வீட்டுல இருந்து நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

இன்னொரு கவலையும் அவனை அரித்தது. தசரா கொடியேற்றம் நெருங்கிவிட்டது, மாலையும் போட்டாயிற்று. என்ன வேஷம் என்று சொல்ல அம்மன் வர வேண்டும், அவள் வருவதற்கு ஒரு கனவு வேண்டும், கனவுக்குத் தூக்கம் வேண்டும். பெட்டி வந்ததிலிருந்து அவனுக்கு வீட்டில் தூக்கமே வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் யார்டு வரிசையில் அவன் வண்டிக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை டிரெய்லர்கள் நின்றன. உப்புக் காற்று அனலாக வீசியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். வைத்ததுதான் தெரியும். முத்தாரம்மன் கிளீனர் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏல மாசானம், என்னல மூஞ்சி இப்படிச் செத்துப் போயிக் கெடக்கு?"

"தாயே, இந்த வருசம் என்ன வேசம்னு சொல்லலியே நீ."

"நான் என்னத்தச் சொல்ல? டாக்டர் ஒரு மூஞ்சி குடுத்துருக்கான்லா. அத மாட்டிட்டு வா."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கண்ணைத் திறந்தபோது கிளீனர் சீட்டில் முகமூடிப் பை மட்டும் இருந்தது. அவனுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கொடியேற்றத்தன்று குலசையில் காப்புக் கட்டிக்கொண்டு வந்து, வெள்ளை மழைக்கோட்டைப் போட்டு, தோளில் பேட்டரியையும் பெட்டியையும் மாட்டி, முகத்தில் முகமூடியை இறுக்கிக்கொண்டு தெருவின் தசரா செட்டோடு இறங்கினான் மாசானம். காளி வேஷம் போட்டவனும் குரங்கு போட்டவனும் ஒரு நிமிஷம் மேளத்தை மறந்து அவனைப் பார்த்தார்கள். முதலில் யானை என்றுதான் நினைத்தார்கள். பிறகு ஒரு கடைக்கார அண்ணாச்சி கண்டுபிடித்துச் சொன்னார்: "ஏல, குலசைல ராக்கெட்டு விடப் போறாவல்லா, அதுல ஏறிப் போறவன் வேசம்ல இது!" அவ்வளவுதான். முத்தையாபுரம் முழுக்க 'ராக்கெட் மாசானம்' என்றே பெயர் ஆகிவிட்டது. பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து தட்டில் காணிக்கை போட்டார்கள். முகமூடிக்குள்ளிருந்து பேச முடியாது என்பதால் அவன் ஒவ்வொரு வீட்டுக்கும் கை கூப்பினான். ஆடும்போது அந்த வாடைகூட மறந்துபோனது.

மறுநாள் ஜெயஷீலாவிடமிருந்து போன். "அண்ணே, பச்சை! நல்ல பச்சை! என்னண்ணே பண்ணினீங்க?"

மாசானத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டிக்கு ஆள் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று தெரியாது. முகமூடி முகத்தில் இருக்கிறதா, மூச்சு போய்வருகிறதா, இந்த இரண்டைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டிவிட்டு, டியூட்டி இல்லாத நேரமெல்லாம் வேஷம் கட்டி நடந்தான். சூரசம்காரத்தன்று குலசைக் கடற்கரையில் அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே முகமூடியோடு நின்று அம்மனைக் கும்பிட்டான். சயனாவின் திரையில் தசரா முழுக்க அவன் பெயருக்கு நேரே பச்சை. குறட்டை இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. முழித்துக்கொண்டு நடக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்?

ஐப்பசியில் சயனாவில் விழா எடுத்தார்கள். மேடையில் மெத்தை நாற்காலிகள், டிரைவர்களுக்கும் அவர்கள் சாட்சிகளுக்கும் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். மாசானத்துக்கு 'சிறந்த உறக்கர்' பட்டம். கழுத்தில் மாலையைப் போட்டு மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

டாக்டர் சிவப்பிரகாஷ் மைக்கைப் பிடித்தார். "தூக்கம் இயற்கையானது என்று ஒரு மூடநம்பிக்கை நம் மக்களிடம் இருக்கிறது. அதை ஒழிக்கத்தான் சயனா பாடுபடுகிறது. நாங்கள் தூத்துக்குடிக்கு வந்தபோது இங்கே ஒரு தூக்க நோயாளிகூட இல்லை. இன்றைக்கு ஆரோக்கியமான ஆள் ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம்!" கைதட்டல். "மிஸ்டர் மாசானம் எங்களிடம் வரும்போது நான்கு நோயோடு வந்தார். எங்கள் கருவி காட்டுகிறது, பத்து நாள், தினமும் பல மணி நேரம், ஒரு குறட்டைகூட இல்லாத உறக்கம். அமெரிக்காவில்கூட இப்படி ஒரு உறக்கத்தை நான் பார்த்ததில்லை."

அடுத்து மகாராஜன் எழுந்தார். சிரித்தார். மாசானத்துக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே பகீரென்றது.

"நம் டிரைவர்கள் இதுவரை டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் எட்டு மணி நேரம் ஓய்வு கேட்டு, ஆறு மணி நேரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது தரமில்லாத தூக்கத்துக்கு. இப்போது மாசானம் வழிகாட்டியிருக்கிறார். கருவியோடு தூங்கும் தூக்கம் தரமான தூக்கம். அது நாலு மணி நேரம்கூட வேண்டாம், இரண்டு மணி நேரம் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகவே டிரைவர்களின் நலன் கருதி, நாளை முதல் ஓய்வு நேரம் இரண்டு மணியாக உயர்த்தப்படுகிறது."

குறைக்கப்படுகிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் தட்டினார்கள். கீழே இருந்தவர்கள் ஒருவரும் தட்டவில்லை. எல்லாருடைய கண்ணும் மாசானத்தின் மேல் இருந்தது. செபாஸ்டின் பார்த்த பார்வை ஈட்டியாய்க் குத்தியது. மாசானத்தின் கழுத்தில் மாலை பாரமாக அழுத்தியது. நம்மால்தானே இது, நாம் பிழைக்கப் போய் இத்தனை பேர் பிழைப்பிலும் மண் விழுந்துவிட்டதே என்று நினைத்தான். உண்மையைச் சொன்னால் பாஸ் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது பலகையில் நிறுத்தாமல் ஆள் மேலேயே ஏற்றிவிடுவான். எழுந்தான், மைக்கைப் பிடித்தான்.

"சார், மன்னிச்சுக்கிடுங்க. நான் ஒரு நாளும் அந்தப் பொட்டியோட உறங்கல. தசராவுக்கு வேசமா மாட்டிட்டு நடந்தேன். பச்ச பச்சயா வந்ததெல்லாம் நான் முழிச்சிட்டு ஆடினது. இத நம்பி யாருக்கும் ரெஸ்ட்டக் கொறச்சிராதீங்க. நீங்க என் பாஸ வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

மகாராஜன் மைக்கைப் பிடுங்கப் போனார். டாக்டர் மட்டும் பதறவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மிஸ்டர் மாசானம், நீங்க தூங்கலேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா சார்? நான்தான முழிச்சிருந்தேன்."

"தூங்குற யாருக்காவது, தான் தூங்குறது தெரியுமா? கருவி தூங்கினீங்கன்னு சொல்லுது. நீங்க நடந்தேன்னு சொல்றீங்க. ரெண்டும் உண்மையா இருக்கணும்னா ஒரே ஒரு முடிவுதான். நீங்க தூக்கத்துல நடந்திருக்கீங்க." அவர் குரல் தழுதழுத்தது. "பத்து நாள்! மேளத்தோடு! மருத்துவ உலகத்துக்கே இது புதுசு!"

செபாஸ்டின் கீழேயிருந்து எழுந்தான். "டாக்டர் சார், நான் இவன ரோட்டுல பாத்தேன். முகமூடிய எடுத்துட்டு எங்கிட்ட நல்லாப் பேசினான்."

"தூக்கத்துல பேசுறது. ஜெயஷீலா, அதையும் சேத்துக்குங்க. ரோட்டுல எப்படி நடந்தார்? வண்டிக்கு வழிவிட்டாரா?"

"விட்டான்."

"ஓரமாவே போனாரா? எது மேலயும் மோதலியே?"

"இல்ல சார், ஆனா அவன் முழிச்சிட்டு..."

"பாத்தீங்களா!" என்று டாக்டர் மகாராஜனிடம் திரும்பினார். மகாராஜனின் முகத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

"டாக்டர், அப்படின்னா... தூங்கிக்கிட்டே வண்டியும்...?"

"மெடிக்கலா பாத்தா, ஏன் முடியாது?"

அங்கேயே, அப்போதே, மைக்கைக்கூட அணைக்காமல் சான்றிதழ் தயாரானது. 'மேற்படி நபர் உறக்க நிலையிலும் கனரக வாகனம் இயக்கத் தகுதியுடையவர்' என்று எழுதி, வட்ட முத்திரை வைத்து, மாசானத்தின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அவன் வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். போட்டோக்காரர் கையை இழுத்து முன்னால் வைத்தார். பாஸ் போகவில்லை. அவனே வேண்டாமென்றாலும் இனிப் போகாது. ஓய்வு நேரம் இரண்டு மணியாக உயர்ந்தது உயர்ந்ததுதான்.

மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு மணி நேரத்தில் போக வர வழி போக மிச்சம் இருப்பதில் மாசானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். பேச்சித்தாய் சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். உருட்டிய கவளம் கையிலேயே இருக்க, அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவள் கவளத்தை மெதுவாக எடுத்துத் தட்டில் வைத்தாள். விரல்களைத் துணியால் துடைத்தாள். வருஷக்கணக்கில் கூட வாழ்ந்த ஆளின் முகம் ஒட்டிப்போய்க் கிடந்தது.

போன் அடித்தது.

"அக்கா, ரெஸ்ட்டு நேரம் ஆரம்பிச்சாச்சு, அண்ணன் புள்ளி இன்னும் சிவப்பா இருக்கு" என்றாள் ஜெயஷீலா. பேச்சுக்கு நடுவில் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. "பொட்டி இல்லாமத் தூங்கினா அது தூக்கத்துல சேராதுக்கா. எழுப்பி மாட்டிவிடுங்க. இல்லாட்டி, தூங்கிக்கிட்டே ஓட்டுறாரான்னு நாளைக்கே டபுள் டிரிப் போட்டு டெஸ்ட் பண்ணுவாங்க."

பேச்சித்தாய் தூங்குகிறவனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். எழுப்ப மனசு வரவில்லை. அந்த முகமூடியை எடுத்தாள். எத்தனை சீயக்காய் போட்டும் போகாத அந்த வாடை முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு அதைத் தன் மூக்கிலேயே மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள். பொத்தானை அழுத்தினாள். பெட்டி ஊதியது. சயனாவின் திரையில் மாசானம் பச்சையானான். அவன் வெறும் தரையில், வெறும் மூக்கோடு, குறட்டை விட்டுத் தூங்கினான். அவள் பக்கத்தில் கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு அவனுக்காக மூச்சுவிட்டாள்.

இந்த ஏற்பாடு ஒரு வாரத்தில் எல்லா டிரைவர் வீட்டுக்கும் பரவிவிட்டது. முத்தையாபுரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு ஆம்பிளை தரையில் கிடந்து தூங்குவான், பக்கத்தில் ஒரு பொம்பிளை முகமூடி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பகலில் ரேஷன் கடை வரிசையில் அவர்கள் நின்றபடியே தூங்கி விழுந்தார்கள். சயனாவில் திரை முழுக்கப் பச்சை. டாக்டர் சிவப்பிரகாஷ் இதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேச வெளிநாடு போய்வந்தார்.

அவர் திரும்பி வந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம், பேச்சித்தாய் முகமூடியோடு உட்கார்ந்திருந்தபோது, தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது.

"தாய்மார்களே! டிரைவர் குடும்பத்துப் பெண்களிடம் பகல் நேரத் தூக்கம் ஆபத்தான அளவில் பெருகியிருப்பது ஆய்வில் தெரியவந்துள்ளது. கவலை வேண்டாம். சயனா உங்களுக்காக இலவசப் பரிசோதனை முகாம் நடத்துகிறது. கணவரை உறக்கச் சாட்சியாக அழைத்து வாருங்கள்..."

பேச்சித்தாய் ஜன்னல் வழியாக ஆட்டோவைப் பார்த்தாள். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. வாய் நிறைய எச்சில் சேர்ந்துவிட்டது. துப்ப வேண்டுமானால் முகமூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் புள்ளி சிவந்துவிடும். பக்கத்தில் மாசானம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பி வண்டிக்கு அனுப்ப வேண்டும். அவள் விழுங்கிக்கொண்டாள்.